கூட்டாத முற்றம்

பன்னிரண்டாம் மாதத்துப் பௌர்ணமி அன்று எங்கள் வாய்க்கால் கரையில் யாரும் வேறு வேலை பார்ப்பதில்லை. வீட்டுக்கு வீடு முற்றத்தில் நிற்கிற பூமரத்தில் இலை பறிப்பதுதான் வேலை. ஒரு இலை மிச்சமில்லாமல் மரத்தை மொட்டையாக்கினால்தான் அது பதறிப்போய், சரியாகப் பதினைந்து நாளில், தெத் புத்தாண்டு முதல் நாள் காலையில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். ஏணிமேல் நிற்கிறவர்களும், 'மொட்டு, மொட்டு, பார்த்து!' என்று கீழே நின்று கத்துகிறவர்களுமாகக் கரையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நானும் என் மரத்தை முடித்துவிட்டு இடுப்பை நிமிர்த்திப் பார்த்தால், எதிர்க்கரையில் லுவா வீட்டு மரம் மட்டும் ஒரு இலை குறையாமல் நிற்கிறது. அவள் அதன் அடியில் குந்தி உட்கார்ந்து, அரிசி களைந்த தண்ணீரைச் சாவகாசமாக ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

"ஏய் லுவா! இன்னிக்குப் பௌர்ணமிடீ!"

"தெரியும்க்கா. மரத்துக்குத் தெரியலையே, என்ன செய்ய?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த மரத்தின் தலைக்கு மேல் ரம்பம் தொங்கிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

அவள் புருஷன் கியெம் மழை பிடித்த மாதத்தில் போய்ச் சேர்ந்தார். காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு செடியிடமும் இரண்டு வார்த்தை பேசுகிற மனிதர். நட்டவர் செத்தால் மரங்களுக்கும் துக்கம் சொல்வது எங்கள் வழக்கம். அடிமரத்தில் வெள்ளைத் துணி ஒரு முழம் கட்டிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் மரமும் அவர் பின்னாலேயே போய்விடும். அந்த வேலையைக் கியெமின் கடைசித் தம்பி துவானிடம் கொடுத்தார்கள். பம்பளிமாஸ், தென்னை, பாக்கு என்று எல்லாவற்றுக்கும் கட்டினான், அழுதுகொண்டே கட்டினான். வேலியில் படர்ந்த காகிதப்பூக் கொடிக்குக்கூடக் கட்டினான். முற்றத்துப் பூமரத்தை மட்டும் விட்டுவிட்டான். சாவு வீட்டுப் பந்தலின் தார்ப்பாய் அதை மூடிக்கிடந்தது, கண்ணில் படவில்லை. அது போதாதென்று, மூன்று நாள் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரையும், ஐஸ்பெட்டி உப்புத் தண்ணீரையும் அதன் காலடியிலேயே கொட்டியிருந்தார்கள்.

மழை நடுவில் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்தது. தெற்குக் கிளை கறுத்துப் பட்டுப்போனது. துக்கம் சொல்லாத மரம், அதுதான் போகிறது என்றது ஊர். துவான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு ஒரு நாள் வந்து, முற்றத்தில் சிமெண்டு போட்டுத் படுத்துக்கொண்டே குடிக்கத் தூளி கட்டிக் காபிக்கடை வைக்கப் போவதாகச் சொன்னான். அப்பன் வீட்டு முற்றம், அவனுக்கும் உரிமை உண்டு.

"செத்த மரத்துக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு இடம்? புத்தாண்டு முதல் நாள் பூத்துச்சா, இருந்துட்டுப் போகட்டும். பூக்கலையா, நானே ரம்பத்தோட வரேன்."

"சரி தம்பி" என்றாள் லுவா. அழவில்லை, சண்டை போடவில்லை. அன்று சாயங்காலமே மண்வெட்டியை எடுத்தாள்.

வேரைச் சுற்றிக் கெட்டுப்போன மண்ணையெல்லாம் தோண்டி எடுத்து, வாய்க்கால் வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து நிரப்பினாள். தன் வெள்ளைத் துக்க உடையின் ஓரத்தைக் கிழித்து அடிமரத்தில் கட்டினாள். கட்டும்போது என்னவோ முணுமுணுத்தாள், நான் கேட்கவில்லை. வெள்ளம் ஏறின மாதத்தில் மரத்தைச் சுற்றி இடுப்பளவு மண்சுவர் எழுப்பி, ஊறி வருகிற தண்ணீரைக் காலையும் மாலையும் தகரக் குவளையால் இறைத்தாள். ஊர் முழுக்கத் தண்ணீரில் நிற்க, அந்த ஒரு வட்டம் மட்டும் காய்ந்து கிடந்தது. வெள்ளம் வடிந்து, வாடைக்காற்று தொடங்கினதும் வேலியோரம் துலுக்கச் சாமந்தி விதைத்தாள். வாசல் சட்டியில் பத்துமணிப்பூ கிள்ளி நட்டாள். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா! அக்கா!" என்று ஊரைக் கூட்டினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பட்டுப்போகாத மூன்று கிளைகளின் நுனியிலும் செம்புக் கம்பி மாதிரி தளிர்.

பௌர்ணமிக்கு அவள் ஏன் பறிக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்குமே, கண்ணுகளா. அந்த இலைகளுக்கு வயது போதாது. பௌர்ணமிக்குப் பறித்தால் முதல் நாள் பூக்கும். ஆனால் சாப்பிட ஆரம்பித்த நோயாளியின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்குகிற மாதிரி அது. பூத்துவிட்டு அதோடு செத்தாலும் சாகும். பறிக்காவிட்டாலோ பூ இல்லை, பிறகு ரம்பம். இத்தனை வருஷமும் நாள் குறித்தது கியெம். அவர் சொன்ன கிளையில் பறித்ததோடு சரி இவள்.

துவானும் அந்தப் பௌர்ணமியன்று வண்டியை நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியே நின்றான்.

"அண்ணன் இருந்திருந்தா விடியக்காலையிலேயே மொட்டை அடிச்சிருப்பாரு."

"உங்க அண்ணன் இருந்திருந்தா மரத்துக்கு நோவே வந்திருக்காது தம்பி."

அவன் பார்வை அடிமரத்து வெள்ளைத் துணியில் போய் நின்றது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

மூன்று நாள் கழித்து அவள் ஏணியை எடுத்தாள். நான் தென்னமரப் பாலம் தாண்டிப் போனேன். இலையைக் காம்போடு பின்பக்கமாக மடக்கி, மொட்டுக்கு நோகாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாள் தப்பிடுச்சேடி. முதல் நாளுக்குப் பூக்காது. தோத்துடுவியே."

"தோத்தா நான் தோத்துட்டுப் போறேன்க்கா. மரம் தோக்கக் கூடாது."

புத்தாண்டு பிறந்தது. கரை முழுக்க மஞ்சள். லுவா வீட்டில் மட்டும் மொட்டைக் கிளைகளில் பச்சை மொட்டு, மிளகு மிளகாக. துவான், செத்த அண்ணன் படத்துக்கு ஊதுபத்தி வைக்கத் தர்ப்பூசணியோடு வந்தான்.

"பூக்கலையே அண்ணி."

"பூக்கலை."

"அப்போ பேசினபடி..."

"முதல் மூணு நாள் வீட்ல வெளக்குமாறே தொடக் கூடாது, நீங்க ரம்பம் தொடுவீங்களா? நாலாம் நாள் வாங்க. பன்னிக்கறியும் முட்டையும் கொதிக்க வச்சிருக்கேன். சாப்பிட்டுத் தெம்பா வெட்டுங்க."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்து மறைத்துக்கொண்டான். "நாலாம் நாள் வரேன்" என்றான். சொன்னால் வருகிறவன்தான் அவன்.

நாலாம் நாள் விடிகாலையில் நான் படித்துறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நல்ல காற்று. எதிர்க்கரையில் லுவா வீட்டு அடுக்களையில் புகை. கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம். துவான் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையோடு வந்தான். வேலிப் படலைத் திறந்தான்.

தெற்குக் கிளை கறுப்பாகவே நின்றது. மற்ற மூன்றும் மஞ்சள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒன்றிரண்டாகத் தொடங்கி, இரவோடு இரவாக விரிந்து, காற்றில் உதிரவும் ஆரம்பித்திருந்தன. மூன்று நாள் விளக்குமாறு படாத முற்றம். படல் முதல் வாசல்படி வரை இதழ். அடிமரத்து வெள்ளைத் துணியின் முடிச்சிலும் இரண்டு இதழ் சிக்கியிருந்தது.

"அண்ணி" என்று கூப்பிட்டான், மெதுவாக. கரண்டிச் சத்தம் நின்றது. லுவா வெளியே வரவில்லை.

அவன் ஒரு செருப்பைக் கழற்றினான். பிறகு மற்றதையும். ரம்பம் தோளிலேயே இருந்தது. ஒரு காலைத் தூக்கியவன், அதை வைக்க மஞ்சள் இல்லாத இடம் ஒன்றைத் தேடி, குனிந்து பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தான்.