எல்லம்மாவின் முன்பல்லும் மூன்று சங்கங்களும்

1
ஜெர்மனியில் ஒரு பல் டாக்டர் பல சங்கங்களுக்குத் தலைவராக இருந்தார் என்று எங்கோ ஒரு வரி படித்தேன். கதை அங்கே பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் பல் வலித்தால் உப்பை வைத்து அழுத்திக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ஜெர்மனியை யார் பார்த்தது? ஆகவே அவரைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தேன். எக்பர்ட் என்று பெயரும் மூன்று சங்கங்களும் கொடுத்தேன். (தமிழ் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதைக்குள் தெரியும்.)

2
பொன்னிற ஏரியில் பூநாரைகள் சிறகு விரித்து

வேண்டாம். அங்கே அதற்கெல்லாம் யாருக்கும் நேரமில்லை.

ஏரியோரக் கிராமமான பசியாவரத்துப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் எல்லம்மா இறால் தடவுகிறாள். சேற்றைத் துழாவ இரண்டு கையும் வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப்பறி பல்லில் தொங்கும்.* பறிக்கயிற்றைக் கவ்வும் முன்பல் இப்போது ஆடுகிறது. அது போனால் பிழைப்பும் போகும்.

*பல்லின் வேலை மெல்லுவது என்று எழுதியவர் கரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

3
கரையேறிப் பறியை இறக்கியதும் எல்லம்மா சொன்னாள்: "புடுங்காத டாக்டரே. ஆட்டத்த மட்டும் நிறுத்து."

"நான் பல்லைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. முதலில் சங்கம் அமைப்போம்."

"இன்னாது, பல்லுக்கு சங்கமா?" ஓரகத்தி ஜமுனா சிரித்தாள். "எங்க மாமியாருக்கு ஒரு பல்லும் இல்ல. அவங்கள தலைவியா போடு, சண்டையே வராது."

[டாக்டரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று நன்றியுரை சொல்லிவிடுகிறார்.]

4
இறால் கிடைக்கும் நேரத்தில் யார் கூட்டத்துக்கு வருவார்கள்? மறுநாள் டாக்டரே கோட்டு சூட்டோடு ஏரியில் இறங்கினார்.

"எல்லம்மாவின் பல்லைப் பிடுங்குவது என்று தீர்மானம். ஆட்சேபம் உள்ளவர்கள் வாய்விட்டுச் சொல்லலாம்."

எல்லார் வாயிலும் பறி. எல்லம்மா தலையைப் பலமாக ஆட்டினாள், பறியும் ஆடியது.

"ஏகமனதாக நிறைவேறியது," என்று டாக்டர் இடுக்கியை எடுத்தார்.

5
முடிவு ஒன்று: பல் போகிறது. நாளைக்கு எல்லம்மா வீட்டில் உலை இல்லை.

முடிவு இரண்டு: டாக்டர் மனம் மாறி

நிறைவேறிய தீர்மானத்தை மீறுகிற தலைவரை எனக்கு எழுத வரவில்லை.

'வேணாம்' என்ற சொல் எல்லம்மாவின் வாய்க்குள் தயாராக நிற்கிறது. திறந்தால் பறி கவிழ்ந்து, விடிந்ததிலிருந்து தடவிய இறாலெல்லாம் ஏரிக்குத் திரும்பிவிடும். அவள் இரண்டு கையிலும் இறால். ஜமுனாவின் இரண்டு கையிலும் நண்டு. டாக்டர் கையில் இடுக்கி. என் கையில் பேனா.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? இறங்கி வந்து அந்தப் பறியைக் கொஞ்சம் பிடியுங்கள்.