உப்பு டப்பாவின் எடை

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாக நான்கு கரண்டி உப்பைப் பாத்திரத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுவேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். என் வீட்டில் உப்பு சாக்கடையிலே, பண்டம் என் வயிற்றிலே.

ஜனங்களின் உப்பைக் குறைக்க அரசாங்கம் கிளம்பியிருந்தது. அறுபது தாண்டிய ரத்த அழுத்தக்காரர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை நர்ஸம்மா வருவார். உப்பு டப்பாவைத் தராசில் வைத்து, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று எழுதிக்கொள்வார். பிறகு என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்ப்பார். உப்புச் செலவு குறைந்தால் வருகையை நிறுத்திவிடுவார்களாம்.

நாற்பது வருஷம் தையல்காரன் நான். ஊரார் தோளையும் இடுப்பையும் தொட்டுத் தொட்டு அளந்த கை இது. மனைவி போன பிறகு என்னைத் தொடுகிற ஆள் அந்த நர்ஸம்மா ஒருவர்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். அவர் பேச்சைத் தட்டவும் மனசில்லை. அதனால் சப்பென்று சாப்பிட்டேன், டப்பாவை மட்டும் காலி செய்தேன்.

"என்னங்கய்யா இது? டப்பா பாதி காலி. பிரஷர் பார்த்தா சின்னப் பையன் மாதிரி இருக்கு. மகன் குடும்பம் வந்திருந்தாங்களா?"

"அவன் போன்லதான் வருவான்."

"அப்ப உப்பெல்லாம் எங்க போகுது?"

அளவைத் தவிர வேறெதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லிப் பழகாதவன் நான். "தொட்டியில கொட்டிடறேம்மா."

"எதுக்கு?"

"எல்லாம் சரியாயிட்டா நீ வரமாட்டியேம்மா."

நர்ஸம்மா தராசைப் பையில் எடுத்து வைத்தார்.

"காத்திருக்கிறவங்க நிறைய பேருங்கய்யா. தெரிஞ்சப்புறம் நான் பொய் எழுதக் கூடாது," என்றார். "நல்லா இருக்கீங்க. சந்தோஷப்படுங்க."

வருகையை நிறுத்தும் படிவத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். ஆரோக்கியமாக இருப்பதற்காக ஒரு மனுஷனுக்கு அழுகை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவர் படியிறங்கினார். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. "வாம்மா, உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்," என்று அங்கிருந்த பெரியம்மா சொன்னது கேட்டது. தராசை வைக்கிற சத்தம், ஏதோ சிரிப்பு. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், இடது கைச் சட்டை முழங்கைக்கு மேல் சுருட்டியபடியே இருந்தது.