முதலில் சாவது என் புரோகிராம்

கூட வேலை செய்யும் காஸ்பர்தான், மீன் ஆர்டர் எடுக்கும் என் புரோகிராமைக் கொல்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிறு காலையில், கொட்டிவாக்கம் மீன்காரர்களுக்கு ஆர்டர்கள் குவியும் நேரம் பார்த்து அது செத்துப்போகும். வஞ்சிரம் கேட்டவர்கள் எல்லாம் என்னைத் திட்டுவார்கள். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "இன்னொரு வாட்டி வுழுந்துச்சுன்னா, இத்த காஸ்பர் கைல குடுத்துட்டு நீ கெளம்பலாம்" என்று முதலாளி டில்லிபாபு சொல்லிவிட்டார்.

லாபம் யாருக்கோ அவன்மேல்தானே சந்தேகம் வரும்? போதாததற்கு, காஸ்பர் எந்நேரமும் என் மேஜையைத்தான் சுற்றிச் சுற்றி வருவான். "ஜெசிந்தா, ஒரு நிமிஷம்..." என்பான். நான் லேப்டாப்பைப் பட்டென்று மூடுவேன். அசடு வழியச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

இந்த ஞாயிறு சர்ச் பூசையைச் சனி மாலைக்கு மாற்றிக்கொண்டு, தி.நகர் ஆபீஸில் உட்கார்ந்து அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். அவனுக்கு ஒரு கையில் டீ, இன்னொரு கையில் சமோசா. அவன் அப்படியே நின்றுகொண்டிருக்கும்போதே என் புரோகிராம் செத்தது.

சர்வரின் பதிவைத் திறந்தேன். கொன்றது கெர்னல், அதாவது சர்வரின் இயங்குதளத்தின் மையப் பகுதி. புரோகிராம்களுக்கு மெமரியைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். தட்டுப்பாடு வந்தால், டிஸ்கிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளக்கூடியதை முதலில் தூக்கி எறியும். சும்மா கிடப்பதை டிஸ்குக்குத் தள்ளும். அதுவும் போதாவிட்டால் ஒரு புரோகிராமையே கொன்று அதன் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பெரும்பாலும் அதிக இடத்தை அடைத்திருப்பதுதான் மாட்டும். ஆனால் அதே சர்வரில் காஸ்பரின் புரோகிராம் என்னுடையதைவிட ரொம்பப் பெரிதாகப் பருத்துக் கிடந்தது. அதை விட்டுவிட்டு என்னுடையதை ஏன்?

"இன்னா பண்ணி வெச்சிக்கீற காஸ்பர்?" என்று கத்தினேன்.

அவன் டீயை வைத்துவிட்டு, திரையில் என் புரோகிராமுக்கு எதிரே இருந்த ஆயிரம் என்ற எண்ணைக் காட்டினான். "முதல்ல இத்த கொல்லுன்னு கெர்னலுக்கு சொல்றது இது. சார் போட்டது. புதுசா யார் வந்தாலும், நிரந்தரம் ஆவற வரைக்கும் அவங்க புரோகிராமுக்கு இதான். நான் புதுசா வந்தப்ப எனக்கும் போட்டாரு."

சத்தம் கேட்டு வந்த டில்லிபாபு கொஞ்சமும் கூசவில்லை. "பழசுங்க வுழக் கூடாது இல்ல? நிரந்தரம் ஆனா எடுத்துடுவோம்."

"வுழாம இருந்தாத்தானே சார் நிரந்தரம்?"

அவர் "சரி, அந்த ஆயிரத்த எடுத்துடு. வேலைல இரு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் ஆத்திரம் காஸ்பர் மேல் திரும்பியது. "தெரிஞ்சிக்கினே இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்துக்கினு இருந்தேன். நீதான் மூடிக்கினே இருந்த."

வெட்கமாகிவிட்டது. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். பாஸ்வேர்ட் அடிக்கும்போது மட்டும், "அந்தாண்ட பாரு" என்றேன்.