திரையில் லெட்டி என்ன பேசினாள்

ஊமைப் படத்தில் வாயசைப்பவர்கள் உண்மையில் என்ன பேசுகிறார்கள் என்று எங்கள் ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சல் என் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து உதடுகளைப் பார்த்தே காலம் தள்ளுகிறேன். நடுவில் திரையில் காட்டும் எழுத்து அட்டையில் 'என் தேவதையே' என்று போடுவார்கள். கதாநாயகன் சொல்லியிருப்பதோ, "சனியன் புடிச்ச குதிரை, கால மிதிக்குது." நான் அதை எடுத்துச் சொன்னால் முன்வரிசை விழுந்து விழுந்து சிரிக்கும்.

அன்று ஊர்க் கொட்டகையில் போட்டது எங்கள் பண்ணையிலேயே எடுத்த படம். கதாநாயகி குதிரையிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டதால், தாயில்லாத, நான் வளர்த்த என் அண்ணன் மகள் லெட்டிக்கு அந்த வேஷம் கிடைத்தது. கதாநாயகன் எங்கள் மாட்டுக்காரன் க்ளேட்டன். முதலாளி மகளை மாட்டுக்காரன் காதலிக்கிற கதை. அண்ணன் ஓரின் கேமராவுக்குப் பின்னாலேயே நின்று பெருமையாகப் பார்த்தான். மெஷின் கடகடக்க, பக்கத்தில் ஒருவன் நடிப்பவர்களுக்காகப் பிடில் வாசிக்க, பேசியது எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் க்ளேட்டனின் கை லெட்டியின் கையில் தேவைக்குமேல் தங்கியதைக் கவனித்துவிட்டான். படப்பிடிப்பு முடிந்த மறுநாளே கிளம்பிவிட வேண்டும் என்று க்ளேட்டனிடம் சொல்லி, அப்படியே வேலையைவிட்டு விரட்டினான்.

"சினிமாவுல ஏறட்டும். என் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்றான். நான் அப்போதெல்லாம் சமையலறையில் சினிமாக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன்.

கொட்டகையில் முதல் ரீல் முடிந்ததும், தலைவலி என்று என் பக்கத்திலிருந்த லெட்டி எழுந்து வெளியே போனாள். இரண்டாம் ரீலில் வேலியோரம் இருவரும் நின்றார்கள். 'நான் ஏழை. உங்கள் கரத்தைக் கேட்கத் துணியேன்' என்றது அட்டை. க்ளேட்டனின் உதடுகள் வேறு சொல்லின.

"உங்கப்பா நாளைக்கே கிளம்புன்னுட்டாரு. இந்தப் படத்த நம்மூர்ல போடுற அன்னிக்கு சாயங்கால ரயில்ல இருப்பேன். ஊரே கொட்டகைக்குள்ள இருக்கும். நீ வந்து ஏறிடு."

"ஏறிடுவேன்" என்றாள் லெட்டி.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலி. ஸ்டேஷன் கொட்டகைக்குப் பின்னால்தான். ரயில் இன்னும் வரவில்லை. வந்தால் தரை அதிர்ந்து என் காலுக்குத் தெரிந்துவிடும்.

அண்ணன் என்னை இடித்தான். "என்ன சொல்றான்?"

"வேலிக் கம்பி குத்துதாம். சீக்கிரம் முடிங்கங்கறான்."

"அவ?"

"பசிக்குதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ரீல் முடிந்து விளக்குப் போட்டதும் மளிகைக்கடைக்காரர் மனைவி எழுந்து, "நம்ம பொண்ணு வர்ற ரீல இன்னொரு தடவ போடுங்கய்யா!" என்று கத்தினாள். அண்ணன் தலையாட்டினான். அப்புறம்தான் காலி நாற்காலியைப் பார்த்தான்.

"இதப் பாக்காம எங்க போனா? இரு, கூட்டிட்டு வரேன்."

அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "காத்து வாங்கிட்டு வருவா. நீ எந்திரிச்சா பின்னால மறைக்கும், உக்காருண்ணே."

உட்கார்ந்தான். விளக்கை அணைத்தார்கள். அதே ரீல். இந்தமுறை அவன் முன்னால் குனிந்து லெட்டியின் வாயையே பார்த்தான். தரை அதிர்ந்தது. ரயில் வந்து நின்றுவிட்டது. கிளம்பும்போது இன்னொரு தடவை அதிரும்.

"பசிக்குதுன்னா சொல்றா? ஏறிடுவேன்ற மாதிரி இருக்கே."

"குதிரை மேல ஏறிடுவேங்கறா."

அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க பயந்து திரையைப் பார்த்தேன். முதல்முறை அவன் பக்கம் திரும்பியிருந்ததால் தவறவிட்டதை அப்போதுதான் கண்டேன்.

"உங்க அத்தைகிட்ட சொல்லலாமா?" என்று கேட்டான் க்ளேட்டன்.

"ஐயோ, வேணாம். அப்பா ஒரு முறை முறைச்சா எல்லாத்தையும் கொட்டிடுவாங்க. அவங்களுக்கு எப்பவும் பயம்."

சுருக்கென்றது. நான் தலைபின்னி வளர்த்த பெண். ஒரு கணம், சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது. அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"ஹுல்டா, என்னப் பாத்து சொல்லு. என்ன சொல்றா என் பொண்ணு?"

முறைத்தான். அந்தப் பார்வைக்கு நான் வாழ்நாளெல்லாம் பயந்திருக்கிறேன். அப்போதும் பயந்தேன்.

"பசிக்குதுங்கறா."

"பொய்."

"பசிக்குதுதான்."

மணிக்கட்டு வலித்தது. என் உள்ளங்கால் மட்டும் காத்திருந்தது. அப்புறம் தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு மெல்லக் குறைந்து, முழுதாக நின்றது.

"அண்ணே, அத்தை பயந்து உன்கிட்ட சொல்லிடுவாங்கன்னு சொல்றா அவ. நான் சொல்லல, பாத்தியா? ரயில் போயிடுச்சு. உன் பொண்ணு அதுல க்ளேட்டனோட போறா."

என் குரல் எவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. கொட்டகை முழுக்கத் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

அண்ணனின் வாய் அசையத் தொடங்கியது. நான் அதைப் பார்க்காமல் திரை பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.