படியேறினால் வலிக்கிற தங்கப்பல்

1

இந்தக் கதை ஒரு பல்லிலிருந்து வந்தது. என் பல் அல்ல. என்னுடையவை இரவில் டம்ளரில் தூங்குபவை. இது தரைத்தள வீட்டு ஹோசியத்தின் தங்கப்பல். தாஷ்கண்டிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் கோக்கந்த் நகரத்தில் அதைவிடப் பளபளப்பான பொருள் சூரியன் ஒன்றுதான். அதுவும் கோடையில் மட்டும்.

(மிகைப்படுத்துகிறேன். காலமெல்லாம் வானொலியில் வானிலை வாசித்து ஓய்வு பெற்றவள் நான். தூறலைப் புயலாக்கியே பழக்கம். வாசகர் எதையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாதவிலக்கு நின்ற பெண்ணின் இதயம், காவல்காரன் விட்டுப்போன தோட்டத்தைப் போல...

அடித்துவிட்டேன். ஹோசியத் கேட்டால், "யாரு அக்கா அந்தக் காவல்காரன்? ஆளு எப்படி?" என்பாள்.

இரண்டாவது தொடக்கம் இன்னும் மோசம். அதில் பனி பெய்தது.

மூன்றாவதுதான் நடந்தது. ஒரு பிற்பகல், நான்காம் மாடியில் இருக்கும் என் வீட்டுக்குத் தேநீர் குடிக்க ஏறி வந்தவள், வாசலிலேயே தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பல்லு வலிக்குதுக்கா."

"மறுபடியும் அல்வாவா?"

"தின்னா வலிக்கல. படி ஏறினாத்தான் வலிக்குது. உக்காந்தா போயிடுது."

"உன் பல்லுக்குக் கால் முளைச்சிருக்குடி."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

2

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஹோசியத்தைக் கதாபாத்திரமாக யார் நம்புவார்கள்? பட்டு ஆலையில் நூல் சுற்றி ஓய்வு பெற்றவள், கணவர் இல்லை, மகள் கசான் நகரத்தில். வயது அறுபத்தாறு. மாதவிலக்கு நின்று ஒரு மாமாங்கத்துக்கும் மேலே ஆன பிறகு, போன வசந்தத்தில் திடீரென்று ஹார்மோன் மாத்திரை விழுங்கத் தொடங்கினாள்.*

அழகுக்காக என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்; கூடவே ஒரு மீசைக்காரத் தர்பூசணி வியாபாரியையும் சேர்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய்.

அவள் அம்மாவும் அக்காவும் அறுபதுகளில் இதயம் நின்று போனவர்கள். இருவரும் கடைசி வரை "அசதியா இருக்கு" என்று மட்டுமே சொன்னவர்கள். டிவியில் யாரோ ஒருவர், விலக்கு நிற்கும் வரை பெண்ணின் இதயத்துக்கு அந்த ஹார்மோன்தான் காவல் என்றார். "காவல் போயிடுச்சுன்னா என்ன, சம்பளம் குடுத்துத் திரும்பக் கூப்பிட்டுக்கறேன்" என்று இவள் மருந்துக்கடைக்கு நடந்தாள்.

ஆகவே பல் வலித்தபோது இதயத்தின் மீது அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அங்கேதான் காவல் இருக்கிறதே! அந்தத் தங்கப்பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த நாள் படியேறியபோது, பக்கத்துப் பல் வலித்தது. அதையும் பிடுங்கச் சொல்லிப் போய் நின்றபோது பல் மருத்துவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, எல்லாப் பல்லையும் எடுத்தாலும் உங்களுக்குப் படி வலிக்கும். இதய டாக்டர்கிட்ட போங்க."

* நானும் ஐம்பது வயதில் அதே மாத்திரை சாப்பிட்டவள்தான். உடம்புக்குள் ரொட்டி அடுப்பு எரிந்த காலம். ஜனவரியில் பால்கனியில் நின்றே தெருப்பனியை உருக்கியிருக்கிறேன். மருத்துவர் சோதித்துக் கொடுத்தார். பிறகு அவரே நிறுத்தினார். அது வேறு கணக்கு.

3

இதய மருத்துவர் மஸ்தூரா சின்னப் பெண். உரக்கப் பேசுகிறவள். நானும் கூடப் போயிருந்தேன்.

"தாடையில வந்தாலும் இது இதயத்து வலிதாம்மா. எல்லாருக்கும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே வராது."

"நான்தான் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறேனே?"

"யார் எழுதிக் குடுத்தா?"

"டிவி."

மஸ்தூரா கண்ணாடியைக் கழற்றினாள். "விலக்கு நின்ன புதுசுல, உடம்பு எரியுது, தூக்கமில்லைன்னு வந்திருந்தா, சோதிச்சுப் பார்த்து நானே குடுத்திருப்பேன். இத்தனை வருஷம் கழிச்சு, இதயத்தைக் காப்பாத்தும்னு நம்பிச் சாப்பிடக் கூடாது. காப்பாத்தாது. ரத்தம் கட்டிக்கிற ஆபத்து வேற. இன்னியோட நிறுத்துங்க. தாஷ்கண்ட் போங்க. இதயத்து ரத்தக் குழாயில அடைப்பு இருந்தா திறக்கணும்."

ஹோசியத்தோடு வீடு திரும்பினேன். ஒரு மேதையின் வாக்கியத்தை இங்கே அவள் வாயில் வைக்கலாம் என்று...

வேண்டாம். அவள் சொன்னது இதுதான்:

"வீட்ல ஒரு ஆள் இருந்திருந்தா, இது பல்லு இல்லடின்னு முன்னாடியே சொல்லியிருக்கும்."

"நான் மேல இருக்கேனே."

"அதுக்குத்தானேக்கா ஏறினேன்."

4

எங்கள் வழக்கப்படி, வெளியூர் போகிறவர் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மீதி வீட்டுச் சுவரில் தொங்கும். திரும்பி வந்து அவரேதான் அதைத் தின்று முடிப்பார். ஹோசியத்தின் வீட்டில் காத்திருக்கச் சுவர் மட்டும்தான் உண்டு. அதனால் ரொட்டியோடு நான் கீழே இறங்கினேன்.

தாஷ்கண்ட் போகும் கார் வாசலில் நின்றது. கடித்தாள். பிறை போன்ற கடியின் நடுவே, பல் போன இடத்தில், ரொட்டி மட்டும் சிறு மேடாக நின்றது.

"எலி கடிச்சதுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க."

"எலிக்குப் பல்லு வரிசை ஒழுங்கா இருக்கும்டி."

"என்னைக் கதையா எழுதறீங்களாமே? சாக வெச்சிடாதீங்கக்கா."

"பல்லைத் திருப்பித் தரவா?"

"வேண்டாம். கதையிலயாவது தரைத்தளத்துக்குக் குடிவாங்க."

5

கதையில் குடிவந்து பார்த்தேன். தரைத்தளத்து முடிவில் அவள் இரண்டே எட்டில் வந்து தேநீர் குடிக்கிறாள். தாடை வலிக்கவே இல்லை. அதனால் யாரும் அவளைத் தாஷ்கண்டுக்கு அனுப்பவும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மகிழ்ச்சியான முடிவில் குழாய் திறந்து, தர்பூசணி வியாபாரியோடு வந்து இறங்குகிறாள். என் தொழில் புத்தி அது. நானே பாதியாகக் குறைத்தேன். வியாபாரி போனார். மூன்றாவது முடிவு, "தாஷ்கண்டிலிருந்து..." என்று தொடங்கியது. அதற்கு மேல் கை போகவில்லை.

எங்களூரில் விருந்தாளியின் கிண்ணத்தைத் தேநீரால் நிறைக்க மாட்டோம். நிறைத்தால் எழுந்து போ என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் இருக்கச் சொல்வது. எதிரே ஊற்றிக்கொடுக்க ஆள் இல்லை; இப்போதெல்லாம் என் கிண்ணத்தை நானே விளிம்பு வரை ஊற்றிக்கொள்கிறேன். (இதைக் குறைக்க வேண்டாம்.)

ஆகவே, வாசகரே, முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பனி வேண்டுமென்றால் பெய்யட்டும், வியாபாரியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். என்னை எந்த மாடியில் வைத்தாலும் சரி.

என் சுவரில் இருக்கும் ரொட்டியை மட்டும் தொடாதீர்கள். அது அவள் வாய்க்கானது.