பாதியில் நின்ற உயிர்த்தெழுதல்

என் தங்கச்சி புருஷன் செத்த கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. செத்த பிறகும் அவர் வேளாவேளைக்குச் சாப்பிட்டார் என்பதுதான் இடிக்கிறதாம். சந்தேகப்படுகிறவர்கள் அந்தப் பீரோவைப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னும் இருக்கிறது.

மாப்பிள்ளையும் தங்கச்சியும் சலவைக் கடை வைத்திருந்தார்கள். அவர் துவைப்பார், அவள் இஸ்திரி போடுவாள். அந்த வெந்நீர் ஆவிக்குள் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சந்தோஷமாகவே இருந்தார்கள். கடைக்கு மேலே ஒரு கூடம். மூக்குக்கண்ணாடி விற்கிற பெரியவர் ஒருவர் அதை வாடகைக்கு எடுத்து ‘உள்வட்டம்’ என்று ஒன்று நடத்தினார்.

அவர் கொள்கைப்படி தேவாலயம் வெறும் வெளிவாசல். சிலுவையும் கல்லறையும் என்றைக்கோ யாருக்கோ நடந்த சமாசாரம் இல்லை. ஒவ்வொருத்தன் உள்ளேயும் நடந்தாக வேண்டும். முதலில் உள்ளத்தைக் கழுவ வேண்டும். பிறகு உள்ளே வெளிச்சம் தெரியும். அதன்பின் பழைய மனுஷன் செத்து, அவனுக்குள் கிறிஸ்து எழ வேண்டும்.

“கழுவுறதுதானே, அது நம்ம தொழில்” என்று மாப்பிள்ளை சேர்ந்துவிட்டார்.

சாவதற்கு ஒரு சடங்கு உண்டு. சவப்பெட்டி வாங்கப் போனபோது கடைக்காரர் அளவு கேட்க, சாகப்போகிற ஆளே முன்னால் வந்து நின்றதில் அவர் மிரண்டு போய் விற்க மறுத்துவிட்டார். அதனால் ஒரு பழைய மரப் பீரோவை மல்லாக்கப் படுக்கவைத்துக் கல்லறை ஆக்கினார்கள். பூச்சி உருண்டை வாசனை மட்டும் போகவில்லை. சீடன் அதற்குள் படுப்பான். பெரியவர் கதவைச் சாத்திவிட்டுத் தியானத்தில் உட்காருவார். பிறகு திறந்து, காதோடு காதாக ஒரு புதுப் பெயர் சொல்வார். அதைக் கேட்டபிறகுதான் எழ வேண்டும். கேட்ட பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது, பெண்டாட்டியிடம்கூட.

மாப்பிள்ளையின் முறை வந்தது. படுத்தார். பெரியவர் கதவைச் சாத்தினார், நாற்காலியில் உட்கார்ந்தார், உயிரை விட்டார்.

சுற்றி இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஒரு ஈ வந்து பெரியவரின் இமைமேல் உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. எப்பேர்ப்பட்ட நிலை என்று எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. மத்தியானம் வரை சிலிர்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் நேரே பீரோவைத் திறந்து மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாதிப் படியில்தான் பிணம் சூடாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். பழைய மனுஷன் செத்தாயிற்று. புது மனுஷனைக் கூப்பிட ஆள் இல்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு நாம் வெளியே வந்தால் தட்டு காலியாகும், அவ்வளவுதான். கொசுக்கள்கூட அவரை விட்டுவிட்டு என்னைக் கடித்தன. அவற்றுக்கும் விஷயம் எட்டியிருந்தது.

தங்கச்சி துவைப்பதையும் சேர்த்துப் பார்த்தாள். கையெல்லாம் சூடுபட்ட தழும்பு.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ண்ணே. ஒரு வார்த்தை பேசட்டும். காலர் சரியா மடிக்கலன்னு எரிஞ்சு விழுவாரே, அது போதும்.”

பாதிரியாரைக் கூட்டி வந்தேன். கட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

“ஞானஸ்நானத்துல ஒரு பேர் வச்சோமே, அது என்ன ஆச்சு?”

“அது செத்தவரோட பேராம், ஃபாதர்.”

“உள்ளுக்குள்ள செத்துப் பொழச்ச மகான்கள் நெறைய பேர் இருந்திருக்காங்க. ஆனா அவங்கல்லாம் காலையில எழுந்து பாத்திரம் கழுவினாங்க.”

மாப்பிள்ளையின் இமை லேசாகத் துடித்தது. கோபமாக இருக்கலாம். எழவில்லை.

சீடர்களில் மூத்தவர் பல் டாக்டர். தங்கச்சிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்ததும் அவரிடமே போனோம்.

“டாக்டர், உங்க பேர் என்னன்னு கேக்கல. எந்த மாதிரிப் பேருன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அவர் அவள் வாயில் பஞ்சை அடைத்தார். அடைத்த பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது.

“எனக்குப் பேரே சொல்லலம்மா. காதுல ஊதினாரு. சூடா காத்து வந்துச்சு. நம்ம தகுதி இவ்வளவுதான்னு எழுந்து வந்துட்டேன். மத்தவங்க மொகமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. அவங்களுக்குக் கெடச்சிருக்கும்.”

இன்னொரு சீடரான லிஃப்ட் மெக்கானிக்கையும் விசாரித்தேன். அவருக்கும் காற்றுதான். டாக்டர் முகம் பளபளத்ததாக அவர் சொன்னார்.

பெயரில்லாத கடவுளுக்குப் பெயரில்லாத பிள்ளை போதும் என்று பெரியவர் நினைத்திருக்கலாம். பெயர் யோசிக்கச் சோம்பலாகவும் இருந்திருக்கலாம். கேட்கத்தான் ஆள் இல்லை.

தங்கச்சி வீங்கிய கன்னத்தோடு நேரே கட்டிலுக்குப் போனாள்.

“இதுக்குத்தானா” என்றாள். குனிந்து அவர் காதில் ஊதினாள். சட்டையில் ஒட்டிய நூலை ஊதித் தள்ளுவாளே, அதே ஊதல்.

மாப்பிள்ளை கண் திறந்தார். கண்ணீர் வழிந்தது. எழுந்து உட்கார்ந்தார்.

“கேட்டுச்சு” என்றார். “என்ன ஒரு பேரு.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“என்ன பேருன்னு சொல்லக் கூடாதும்மா. பெரியவர் அங்கேருந்து கூப்பிட்டிருக்காரு.”

“நான்தாங்க ஊதினேன். இந்த வாயால. பல்லு வலியோட.”

அவர் அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்.

“செத்துப்போனவரோட சம்சாரம் நீங்கதானா? ரொம்பப் பொறுமைசாலின்னு கேள்விப்பட்டிருக்கேன்.”

அன்று சாயங்காலமே மேலே கூடத்துக்குப் போய்விட்டார். அவர் நிஜமாகவே பெயர் கேட்டவர், தனக்கு வந்தது வெறும் காற்று என்பது மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தெரியும். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. பெரியவரின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பீரோவுக்குக் கூட்டம் அதிகமாகி, கதவுக் கீல் இரண்டு முறை மாற்றியாயிற்று.

அவர்களுடைய வெள்ளை அங்கிகள் சலவைக்குக் கீழேதான் வருகின்றன. போன வாரம் நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது லிஃப்ட் மெக்கானிக் ஓர் அங்கியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“தப்பா நெனக்காதீங்கக்கா. குரு சொல்லியனுப்பினாரு. காலர் சரியா மடிக்கலையாம்.”

தங்கச்சி வாங்கி விரித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி இஸ்திரியை வைத்தாள். பக்கத்தில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவள் எதையும் ஊதிக் குடிப்பதில்லை. தானாக ஆறட்டும் என்று விட்டுவிடுகிறாள்.