பத்தரை அங்குலக் குழல்

சூடு கண்ட பூனை அடுப்படியை அண்டாது என்பார்கள். வெர்னா லஸ்க் அண்டினாள். வேறு வழி இருந்திருந்தால் அண்டியிருக்க மாட்டாள்.

அவள் மகன் கோல்பியை ஜெயிலுக்கு அனுப்பியது ஒன்றரை அங்குலம். ரைஃபிளின் குழல் பதினாறு அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதற்குக் குறைவாக வேண்டுமென்றால், செய்வதற்கு முன்பே அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கோல்பி மாட்டியது பதினாலரை அங்குலக் குழல். முனையில் ஓர் இரும்பு மூக்கைத் திருகி, டேப்பை வைத்து அளந்து, "பாத்தியாம்மா, சரியாப் பதினாறு" என்று பெருமையடித்தான். அந்த மூக்கைப் பற்றவைத்திருந்தால் சட்டம் அதையும் சேர்த்தே அளந்திருக்கும். சோம்பேறிப் பயல், திருகியதோடு விட்டான். நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் மூக்கை வெறுங்கையாலேயே கழற்றி எடுத்தார். இரண்டரை வருஷம் தண்டனை.

அவன் உள்ளே போன மறு வசந்தத்தில் ஒரு கிடா முட்டி வெர்னாவின் வலது தோள் நொறுங்கியது. தகடு வைத்துத் தைத்தார்கள். புருஷன் விட்டுப்போன நீளத் துப்பாக்கியை அதற்குப் பிறகும் அவளால் தூக்க முடிந்தது, ஆனால் மூன்று எண்ணுவதற்குள் முனை தரையைப் பார்க்கும். அந்தப் பக்கத்தில் ஆட்டு மந்தைக்குப் பெரிய திருடன் கொயோட்டி என்கிற சின்ன ஓநாய். அதற்கு அந்த மூன்றே போதும். அந்த வசந்தத்தில் மட்டும் நாற்பத்தொரு ஆட்டுக்குட்டி போயிற்று. கைத்துப்பாக்கியால் அந்தத் தூரத்துக்குச் சுட்டால் சத்தம்தான் போய்ச் சேரும்.

இன்னொரு வசந்தம் அப்படிப் போனால் மந்தை இருக்காது. மந்தை இல்லாவிட்டால் நிலத்தை விற்க வேண்டியதுதான். கோல்பி திரும்பி வர இந்த உலகத்தில் இருந்தது அந்த ஓர் இடம்தான். ராத்திரி பகல் என்றில்லாமல் அவளை அரித்தது இதுதான்.

அதனால், அந்தத் தோளுக்கும் தூக்க வரும் குறுங்குழல் துப்பாக்கிக்கு விண்ணப்பம் போட்டாள். கைரேகை கொடுத்தாள், போட்டோ ஒட்டினாள், பத்து மாதம் காத்திருந்தாள். அதற்குள் பத்தரை அங்குலக் குழல் தபாலில் வந்துவிட்டது. அதை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை. பக்கத்துப் பண்ணை ஹாலிஸிடம் கொடுத்துவைத்தாள். குழலும் மீதித் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருந்தால், மாட்டாமலே மாட்டியதாகக் கணக்கு.

"நிச்சயம் பண்ணின பொண்ணையும் மாப்பிள்ளையையும் மாதிரி தனித்தனி வீட்டுல வெச்சிருக்கியே வெர்னா" என்று ஹாலிஸ் சிரித்தான்.

"கல்யாணப் பத்திரிகை வாஷிங்டன்லேருந்து வரட்டும். அதுவரைக்கும் உன் வாயும் அந்தப் பெட்டியும் மூடியே இருக்கணும்" என்றாள்.

ஏப்ரலில் அனுமதித் தாள் வந்தது. இந்தத் துப்பாக்கியைச் செய்தவள் என்று அவள் பெயரும் ஊரும் உலோகத்தில் செதுக்கப்பட்டன. அதுவும் சட்டம்தான். சமையலறை மேசையில் ஹாலிஸ் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, வெர்னா இடது கையால் பூட்டி முடித்தாள். மொத்தம் ஐந்து பவுண்டு. தோளில் வைத்து எண்ண ஆரம்பித்தாள். முப்பது வரை முனை அசையவில்லை. முப்பத்தொன்றில் அழுதுவிட்டாள்.

நான்கே நாள் சந்தோஷம். ஐந்தாம் நாள் ஆர்லீன் பாக் என்ற அதிகாரி போன் செய்தாள். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களைக் கண்காணிக்கிறவள்.

"நல்ல சேதிம்மா. உங்க பையன் அஞ்சு மாசம் முன்னாடியே வர்றான். அடுத்த வாரம்."

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல துப்பாக்கி ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அந்த வீட்டுக்கு அவன அனுப்ப முடியாதும்மா, தண்டன வாங்கினவன் துப்பாக்கிப் பக்கமே போகக் கூடாது. எல்லாத்தையும் வேற எங்கயாவது மாத்திட்டுச் சொல்லுங்க."

புருஷனின் துப்பாக்கிகள் அன்று மத்தியானமே ஹாலிஸின் அலமாரிக்குப் போயின. சின்னது மட்டும் மேசையிலேயே கிடந்தது.

"அதையும் குடு" என்றான் ஹாலிஸ்.

"குடுக்க முடியாது. என் பேர்ல பதிஞ்சது. நான் பக்கத்துல இல்லாம உன் வீட்டுல இருந்தா நீ உள்ள, நானும் உள்ள. கோல்பி நமக்குச் சாப்பாடு கொண்டுவரணும்."

ஹாலிஸ் தாடியைச் சொறிந்தான். "குறுங்குழலக் கழட்டிட்டு நீளக் குழல மாட்டிடு. சாதாரணத் துப்பாக்கி ஆயிடும், நான் வெச்சுக்கறேன்."

"தூக்கறது யாரு? உங்க அப்பனா?"

"இல்லேன்னா பையன் அந்த அஞ்சு மாசத்த அங்கேயே—"

வெர்னா மேசையில் அறைந்தாள். வலது கை என்பதை மறந்து அறைந்துவிட்டாள். வலியில் கண் இருட்டியது. "அஞ்சு நாள் விடமாட்டேன்! ஒழுங்கா எல்லாம் செஞ்சேன் ஹாலிஸ். ஒரு தாளு விடாம, ஒரு கையெழுத்து விடாம செஞ்சேன். அவன் ஒழுங்கீனமா செஞ்சதுக்கும் இதே தண்டன, நான் ஒழுங்கா செஞ்சதுக்கும் இதே தண்டனையா?"

ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மகன் பிழைக்க வேண்டிய மந்தை. எதை விட்டாலும் இரண்டும் போகும்.

மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலையில் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த மேய்ப்பர் வண்டியைப் பார்த்தாள். கித்தான் கூரையும், உள்ளே ஓர் இரும்பு அடுப்பும், ஒரு கட்டிலும். அந்தக் காலத்தில் மாமனார் மலைக்கு ஓட்டிப்போன வண்டி. ஆர்லீனைக் கூப்பிட்டாள்.

"வீடு அவனுக்கு. ஆடுங்க குட்டி போடுற மேட்டுல நான் வண்டியில இருந்துக்கறேன். துப்பாக்கியும் என்கூட."

"எவ்வளவு தூரம்?"

"அரை மைல். நடுவுல கம்பி வேலி."

ஆர்லீன் நேரில் வந்து பார்த்தாள், மேலதிகாரியிடம் பேசினாள், எழுதிக் கையெழுத்தும் வாங்கினாள். துப்பாக்கி வெளியே இருக்கும்போது கோல்பி வேலியைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் அது பெட்டிக்குள், பெட்டி வண்டிக்குள், இரண்டும் பூட்டியிருக்க வேண்டும். சாவி வெர்னாவின் கழுத்தில். "ஒரு தடவ தப்பினாலும் அவன் திரும்பப் போகணும்மா" என்றாள்.

கோல்பி வந்தான். எலும்பும் தோலுமாக வந்தான். முற்றத்தில் மகனை ஒரு கையால் கட்டிக்கொண்டு, பத்து நிமிஷம் கழித்து வெர்னா மேட்டுக்குக் கிளம்பினாள். சினை ஆடுகள் காத்திருக்குமா என்ன?

"வீட்ட என்கிட்ட குடுத்துட்டு நீ வண்டியில படுப்பியா? உலகத்துல எந்த அம்மாவாவது செய்வாளா?"

"ஒழுங்கா பத்தவெச்சிருந்தா நான் கட்டில்ல படுத்திருப்பேன். போய் மூஞ்சி கழுவுடா."

அதன்பின் விடிந்ததும் அவன் காப்பியும் பன்றிக்கறி ரொட்டியும் கொண்டுவந்து வேலிக் கம்பத்தின் மேல் வைப்பான். வெர்னா துப்பாக்கியைப் பூட்டிவிட்டு நடந்து வந்து எடுத்துக்கொள்வாள். இரண்டு வருஷமாக ஜெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்த முகத்தை இப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

ஆறாம் நாள் விடியலில், குட்டி பாதி வெளியே வந்திருந்த ஓர் ஆட்டை இரண்டு கொயோட்டிகள் வளைத்தன. வெர்னா படியில் நின்று துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். முனை அசையவில்லை. முதல் குண்டுக்கு ஒன்று சுருண்டது. மற்றதைக் குறிபார்த்துக்கொண்டே இறங்கினாள். பனி படிந்த புல் வழுக்கியது. விழுந்தாள், வலது தோளின் மேலேயே.

"அம்மா!"

கோல்பி வேலியில் நின்றான். காப்பிக் குவளை கீழே கிடந்தது. ஒரு கால் கம்பியின் மேல் ஏறிவிட்டது.

"வராத!" வெர்னாவின் குரல் கிழிந்தது. "கால எடு! வெளிய இருக்கு!"

"ரத்தம் வருதும்மா!"

"வரட்டும்! கால எடுடா!"

அவன் காலை எடுத்தான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையைப் போல அழுதான். வெர்னா முழங்காலில் எழுந்தாள். தோட்டாக்களைக் கழற்றினாள். துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு, கடவுளையும் சட்டத்தையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு, வண்டிக்குத் தவழ்ந்தாள். இருபது அடி. பெட்டியைப் பூட்டினாள். வண்டிக் கதவில் சாவி இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை விழுந்தது பூட்டு. படியில் சாய்ந்தாள்.

"இப்ப வாடா" என்றாள்.

ஒரே தாவலில் வேலியைத் தாண்டி ஓடி வந்தான். வந்தவன் முதலில் அந்தப் பூட்டை வெறுங்கையால் இழுத்துப் பார்த்தான். கழன்று வரவில்லை. அப்புறம்தான் அம்மாவைத் தொட்டான்.